பெட்ரோல் ஊறிப்போன மண்ணு, நிலத்தடித் தண்ணி: சைட் இன்வெஸ்டிகேஷனைப் பிளான் பண்றது எப்படி?

மலேசியாவுல கே.எல்.லயோ (கோலாலம்பூர்) பினாங்குலயோ என்வைரன்மெண்டல் கன்சல்டன்ட் ஆபிஸ்ல புதுசா வேலைக்குச் சேர்ந்திருக்கற பிள்ளைங்களுக்காக இதை எழுதறேன். பாஸ் வந்து "அந்தப் பழைய பெட்ரோல் ஸ்டேஷனுக்கு ஒரு பிரபோசல் போடு"ன்னு சொல்லிட்டு மீட்டிங்குக்குப் போயிருவாரு. உடனே எல்லாரும் பண்றது என்னன்னா கூகள் எர்த்தைத் தொறந்து சைட்டு மேல கட்டம் கட்டமா பத்துப் புள்ளி வெச்சு, எல்லாத்துக்கும் ஒரே ஆழம் எழுதி, டிரில்லர்கிட்ட கோட்டேஷன் கேட்டுடறது. துளை எங்க போடணும்ங்கறது இந்த வேலையில கிட்டத்தட்ட கடைசியா வர்ற கேள்வி. அதுக்கு முன்னாடி கேட்டு முடிக்க வேண்டியது நிறைய இருக்கு, அதைக் கேக்காம டிரில்லிங் மெஷினை எறக்கினா கைக்கு வர்ற லேப் ரிப்போர்ட் நல்லா தடியா இருக்கும், ஆனா கிளையன்ட் கேட்ட ஒரு கேள்விக்குக்கூட அதுல பதில் இருக்காது.

மொதல்ல: எதுக்காகத் தோண்டறோம்?

கிளையன்ட் இந்த ரிப்போர்ட்டை வெச்சு என்ன முடிவு எடுக்கப் போறாருன்னு நேராவே கேளுங்க. நெலத்தை விக்கப் போறாரா, லீஸ் முடிஞ்சு ஓனர்கிட்ட திருப்பிக் குடுக்கப் போறாரா, டேங்க் லீக் ஆயிருச்சுன்னு தெரிஞ்சு டிஓஇ (மலேசிய சுற்றுச்சூழல் துறை) கேட்டிருக்கா, இல்ல ஸ்டேஷனை ஒடைச்சிட்டு கொண்டோ கட்டப் போறாங்களா. நாலும் நாலு வேற வேலை. லீஸ் கேஸ்ல 'நாங்க வந்தப்ப என்ன இருந்துச்சு, போறப்ப என்ன இருக்கு'ங்கறதுதான் சண்டையே, அதனால பழைய பேஸ்லைன் ரிப்போர்ட் இருந்தா அதே எடத்துல அதே மாதிரி டெஸ்ட் பண்ணணும். கொண்டோன்னா ரெண்டு மாடி பேஸ்மெண்ட் தோண்டுவாங்க, அப்ப 3 மீட்டர்ல நிறுத்தற துளையால பிரயோஜனமே இல்ல, தோண்டியெடுக்கற மண்ணு எங்க போகும்ங்கறதும் பெரிய செலவு. லீக்னா அது இப்ப எவ்ளோ தூரம் போயிருக்கு, யாரைத் தொடப் போகுதுங்கறதுதான் அவசரம்.

இங்க நம்ம கையில எப்பவும் இருக்க வேண்டியது டிஓஇ 2009ல போட்ட கன்டாமினேட்டட் லேண்ட் கைட்லைன்ஸ், மொத்தம் மூணு புத்தகம். ஒண்ணு ஸ்கிரீனிங் லெவல் (எந்த அளவுக்கு மேல போனா மேற்கொண்டு பாக்கணும்ங்கற நம்பர்), ரெண்டாவது அசெஸ்மெண்டும் ரிப்போர்ட்டிங்கும், மூணாவது ரெமிடியேஷன், அதாவது சுத்தம் பண்றது. ரெண்டாவதை மட்டுமாவது ஒரு தடவை முழுசா படிச்சிருங்க, மத்ததைத் தேவைக்குப் பொரட்டிப் பாத்துக்கலாம். மேல இருக்கற சட்டம் 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டம்.

ரெண்டாவது: பேப்பர் வேலை, வாய் வேலை

ஆபிஸ்ல ஒக்காந்தே பாதி சைட்டைத் தெரிஞ்சுக்கலாம். டேங்க் லேஅவுட் டிராயிங், எந்த வருஷம் டேங்க் போட்டது மாத்தினது, இரும்பா ஃபைபரா, சிங்கிள் வாலா டபுள் வாலா, டேங்க் டைட்னஸ் டெஸ்ட் (கசிவு சோதனை) ரிசல்ட், தினசரி டிப் எடுத்து (கோல் விட்டு அளந்து) எழுதற ஸ்டாக் ரெக்கார்டு. இந்த ஸ்டாக் ரெக்கார்டை யாரும் மதிக்கறதில்ல, ஆனா மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமா கணக்கு இடிச்சுக்கிட்டே வந்தா அது எந்த டேங்க்ங்கறது அதுலயே தெரிஞ்சுரும். அப்பறம் கூகள் எர்த் பழைய படங்கள், ஜூபெம்ல (சர்வே துறை) வாங்கற ஏரியல் போட்டோ, ஜேஎம்ஜியோட (கனிம, புவியியல் துறை) ஜியாலஜி மேப். ஸ்டேஷனுக்கு முன்னாடி அங்க ஒரு லோரி வொர்க்ஷாப் இருந்திருக்கும், அது எந்த டிராயிங்லயும் இருக்காது.

சைட்டுக்குப் போறப்ப மானேஜரைவிட அங்க ரொம்ப வருஷமா வேலை பாக்கற ஆளைத் தேடிப் பிடிங்க. "அண்ணே, இந்த எடத்துல மட்டும் சிமெண்ட் ஏன் வேற கலரா இருக்கு?"ன்னு ஒரு கேள்வி போதும். "அங்கதான்பா பழைய டேங்க் இருந்துச்சு, எடுக்கல, மண்ணைப் போட்டு மூடிட்டாங்க"ன்னு சாதாரணமா சொல்லுவாரு. தே தாரிக் வாங்கிக் குடுத்து கேட்ட விஷயம் ஜிபிஆர் (தரைக்கடியில பாக்கற ரேடார்) ஸ்கேன்ல வராத விஷயமா இருக்கும். ஆனா அவர் சொன்னதையும் அப்படியே நம்பிடாதீங்க, எழுதி வெச்சு வேற ஒரு ஆள்கிட்டயும் கேளுங்க.

நடந்து பாக்கறப்ப கவனிக்க வேண்டியது: ஃபில் பாயிண்ட் (டேங்கர் எண்ணெய் எறக்கற வாய்), வென்ட் பைப், டிஸ்பென்சர் தீவு, டேங்குல இருந்து டிஸ்பென்சருக்குப் போற பைப் லைன், ஆயில் இன்டர்செப்டர் (கழிவுத் தண்ணியில இருந்து எண்ணெயைப் பிரிக்கற தொட்டி), கார் கழுவற எடம், லோங்காங் (சாக்கடை) எந்தப் பக்கம் ஓடுது, பக்கத்துல கிணறு உண்டா, ஒட்டின கடையில பேஸ்மெண்ட் உண்டா. டேங்க்தான் ஒழுகும்னு எல்லாரும் நெனைப்பாங்க, ஆனா பைப் ஜாயிண்ட்டும் ஃபில் பாயிண்ட்டும் ஒழுகறது ரொம்ப சகஜம், டேங்கர் லோரி வந்து எறக்கறப்ப கொஞ்சம் கொஞ்சமா சிந்தறது வருஷக்கணக்கா சேர்ந்துடும்.

மூணாவது: கதையை வரைஞ்சு பாக்கணும்

கன்செப்சுவல் சைட் மாடல்னு பெரிய பேரு வெச்சிருக்காங்க. விஷயம் சிம்பிள்: எங்க இருந்து கசியுது, எது வழியா போகுது, யாரைப் போய்ச் சேருது. ஏ3 பேப்பர்ல சைட்டோட குறுக்குவெட்டை வரைங்க. டேங்க், அதுக்கடியில மண்ணு, தண்ணி மட்டம், பக்கத்து கடை, லோங்காங், ஆறு. கேள்விக்குறி போட வேண்டிய எடத்துல கேள்விக்குறி போடுங்க. அந்தக் கேள்விக்குறிதான் பின்னாடி உங்க துளையாகும்.

பெட்ரோலும் டீசலும் தண்ணியைவிட லேசு, அதனால மண்ணுக்குள்ள எறங்கி தண்ணி மட்டத்துக்கு வந்ததும் மேலயே பரவி மெதக்கும். அதுல இருந்து பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன், சுருக்கமா பிடெக்ஸ், கரைஞ்சு தண்ணியோட நகரும். இந்த நாலுல பென்சீன்தான் தண்ணியில நல்லா கரையும், கேன்சர் வரவைக்கற சாமானும் அதுதான், குடிதண்ணிக்கு டபிள்யூஎச்ஓ வெச்ச அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். டீசல்ல பென்சீன் ரொம்பக் கம்மி, ஆனா நாப்தலீன் மாதிரி கனமான சாமானுங்க இருக்கும், மெதுவா நகரும், ரொம்ப நாள் அங்கேயே கெடக்கும். அதனால எந்த டேங்க்ல என்ன இருந்துச்சுங்கறது முக்கியம்.

நம்ம ஊர்ல மழை ஜாஸ்தி, தண்ணி மட்டம் ஏறும் எறங்கும். மெதக்கற எண்ணெயும் கூடவே ஏறி எறங்கி நடுவுல இருக்கற மண்ணு பூரா பூசி விட்டுடும். இதை ஸ்மியர் ஸோன்னு சொல்லுவாங்க. மழை பெஞ்சு தண்ணி ஏறினப்ப போய்ப் பாத்தா எண்ணெய் தண்ணிக்கு அடியில மாட்டிக்கிட்டு கிணத்துல ஒண்ணுமே தெரியாது, காஞ்ச மாசத்துல போனா திடீர்னு எண்ணெய் வந்து நிக்கும். ஒரு தடவை சேம்பிள் எடுத்து 'சைட் கிளீன்'னு எழுதற ரிப்போர்ட்டை நான் நம்பறதே இல்ல.

"கே.எல்.ல யாரு கிணத்துத் தண்ணி குடிக்கறா?"ன்னு கிளையன்ட் கேப்பாரு. நியாயம்தான், கே.எல்.லுக்கு ஆயர் சிலாங்கூர் கம்பெனி தண்ணி, பினாங்குக்கு பெரும்பாலும் சுங்கை மூடா ஆத்துல இருந்து வர்ற தண்ணி. ஆனா குடிக்கறது மட்டும்தான் ஆபத்துன்னு இல்ல. ஆவி தரைவழியா பக்கத்துக் கடைக்குள்ள ஏறும், பேஸ்மெண்ட் தோண்டற பங்களாதேஷ் ஆளுங்க மூஞ்சிக்கு நேரா வரும், பிளாஸ்டிக் தண்ணிக் குழாய்க்குள்ளயே பென்சீன் ஊடுருவிப் போகும். அதையெல்லாம் படத்துல போடுங்க.

நம்ம மண்ணு

இதுலதான் வெளிநாட்டு டெம்ப்ளேட்டை அப்படியே காப்பி அடிக்கறவங்க மாட்டிக்குவாங்க. கே.எல்.ல ரெண்டு கிலோமீட்டர் தள்ளினா மண்ணே மாறிடும். செந்தூல், ஜாலான் ஈப்போ பக்கம் அடியில சுண்ணாம்புப் பாறை, உள்ள பொந்தும் குகையுமா இருக்கும், மேல பழைய ஈயக்குட்டையை (ஈயம் தோண்டின சுரங்கக் குட்டை) தூத்த மணலும் சேறும். மணல்ல பெட்ரோல் ஓடும், சேத்துல நிக்கும், ஒரே சைட்டுல ரெண்டும் மாறி மாறி வரும். பொந்து இருக்கற பாறையில நீங்க வேகமா தோண்டிப் போனா மேல இருக்கற அழுக்கை நீங்களே கீழ எறக்கி விட்டமாதிரி ஆயிரும், அதனால பாறை தட்டினதும் நிறுத்தணும்னு ஸ்கோப்லயே எழுதிடுங்க. புக்கிட் துங்கு பக்கம் கென்னி ஹில் ஃபார்மேஷன், மணற்பாறையும் ஃபில்லைட்டும் மக்கிப்போன மண்ணு, அங்க தண்ணி ஆழத்துல இருக்கும், மேட்டுக்கு மேடு மாறும்.

பினாங்குத் தீவு உள்ளுக்குள்ள கிரானைட், ஆனா ஜார்ஜ் டவுன் கரையோரம் கடல் களிமண்ணு, ஜெலுத்தோங், தஞ்சோங் தோக்கோங் பக்கம் கடலைத் தூத்து எடுத்த நெலமும் உண்டு. பிறை, பட்டர்வொர்த்ல தண்ணி ஒரு மீட்டர்லயே தட்டுப்பட்டா ஆச்சரியப்படாதீங்க. கரையோரம்னா அலை ஏத்த எறக்கத்துக்குத் தண்ணி மட்டமும் ஆடும், காலையில ஒரு கிணத்துலயும் மத்தியானம் இன்னொரு கிணத்துலயும் அளந்து ஓட்டம் இந்தப் பக்கம்னு அம்புக்குறி போட்டா அது தப்பாத்தான் இருக்கும். எல்லாக் கிணத்தையும் ஒரே மணி நேரத்துக்குள்ள அளங்க, முடிஞ்சா ரெண்டு கிணத்துல லாகர் (தண்ணி மட்டத்தைத் தானா பதியற கருவி) தொங்கவிட்டு ஒரு வாரம் பாருங்க. பழைய சதுப்பு நெலம்னா இன்னொரு தலைவலி: எலை தழை மக்கின மண்ணு லேப்ல டிபிஎச் (மொத்த பெட்ரோலிய ஹைட்ரோகார்பன்) மாதிரியே காட்டும், பெட்ரோலே இருக்காது. அப்படிச் சந்தேகம்னா சிலிக்கா ஜெல் கிளீனப் (எலை தழைச் சாமானை வடிகட்டறது) பண்ணச் சொல்லுங்க, குரோமட்டோகிராமையும் (லேப் மெஷின் வரையற கோட்டுப்படம்) கேட்டு வாங்குங்க.

நாலாவது: இப்பதான் புள்ளி வைக்கறது

ஒவ்வொரு புள்ளிக்குப் பக்கத்துலயும் 'இது எந்தக் கேள்விக்கு'ன்னு ஒரு வரி எழுதுங்க. எழுத முடியலன்னா அந்தப் புள்ளியை அழிச்சிடுங்க. சின்ன ஸ்டேஷனுக்கு ஆறுல இருந்து பத்து மண்ணு துளை, அதுல நாலஞ்சை மானிட்டரிங் கிணறா மாத்தினா முதல் ரவுண்டுக்குப் போதும்ங்கறது என் கணிப்பு. டேங்க் கூட்டத்துக்குக் கீழ்ப்பக்கம், ஃபில் பாயிண்ட்கிட்ட, டிஸ்பென்சர்கிட்ட, இன்டர்செப்டர்கிட்ட, எல்லையோரம் பக்கத்து வீட்டுக்காரர் பக்கமா ஒண்ணு. தண்ணி வர்ற மேல்பக்கமும் கண்டிப்பா ஒண்ணு, பக்கத்து வொர்க்ஷாப்ல இருந்து வர்ற அழுக்குக்கு உங்க கிளையன்ட் காசு கட்டக்கூடாதுல்ல. தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு சொல்றதுக்குக் குறைஞ்சது மூணு கிணறு வேணும், ஒரே நேர்கோட்டுல இல்லாம முக்கோணமா, வாய் மட்டத்தை சர்வேயர் வெச்சு அளந்திருக்கணும்.

டேங்க் பிட்டுக்குள்ள (டேங்க் பொதைச்ச குழி) துளை போடாதீங்க. அதுல மணலைக் கொட்டி மூடியிருப்பாங்க, மழைத்தண்ணி எறங்கி தொட்டி மாதிரி உள்ளயே தேங்கி நிக்கும், அது நிலத்தடித் தண்ணி இல்ல, டேங்கையும் குத்திடுவீங்க.

மெஷின் விஷயம் கொஞ்சம் நீட்டியே சொல்லணும், ஏன்னா காசு மிச்சம்னு சொல்லி எல்லாரும் இதுலதான் ஏமாறுவாங்க. கட்டடத்துக்கு மண்ணு டெஸ்ட் பண்ற டிரில்லர் நம்ம ஊர்ல தெருவுக்குத் தெரு கெடைப்பாரு, வாஷ் போரிங் மெஷின் கொண்டு வருவாரு, தண்ணியைப் பாய்ச்சிக்கிட்டே தோண்டுவாரு. அந்தத் தண்ணியில பென்சீன் கழுவிக்கிட்டுப் போயிரும், தண்ணி மட்டமும் எங்கன்னு தெரியாது. ஹாலோ ஸ்டெம் ஆகர் (நடுவுல குழாயா இருக்கற திருகு), இல்லன்னா டைரக்ட் புஷ் (ராடை அழுத்தி எறக்கறது), எடம் சின்னதுன்னா ஹேண்ட் ஆகர் (கையால திருகறது), இதுலதான் போகணும். கோட்டேஷன் கேக்கறப்பவே 'தண்ணியோ டிரில்லிங் சேறோ (மட்) பாவிக்கக்கூடாது, கிரீஸ் தடவக்கூடாது, ஒவ்வொரு துளைக்கும் நடுவுல ராடைக் கழுவணும்'னு எழுதிடுங்க. சைட்டுக்கு வந்தப்பறம் சொன்னா டிரில்லர் அண்ணன் மொறைப்பாரு, அவர் மேல தப்பில்ல.

அஞ்சாவது: உயிரோட வீட்டுக்குப் போகணும்

டிஎன்பி கரண்ட் கேபிள், கேஸ் பைப், தண்ணிக் குழாய், டெலிகாம் லைன் பிளான் எல்லாம் வாங்குங்க, வாங்கினதை நம்பாதீங்க. கேபிள் லொக்கேட்டரும் ஜிபிஆரும் ஓட்டி, அதுக்கப்பறமும் முதல் 1.5 மீட்டரைக் கையால தோண்டுங்க. ஓடற ஸ்டேஷன்ல வேலைன்னா டேங்கர் எறக்கற நேரம் மெஷினை நிறுத்தணும், எல்இஎல் மீட்டர் (தீப்பிடிக்கற அளவுக்கு ஆவி சேருதான்னு பாக்கறது) 10 சதவீதம் காட்டினா எல்லாரும் தள்ளிப் போகணும், ஃபோனை லோரிலயே வெச்சிடணும். சிஐடிபி (கட்டுமானத் தொழில் வாரியம்) கிரீன் கார்டு எல்லார்கிட்டயும் இருக்கான்னு முந்தின வாரமே பாருங்க, ஆயில் கம்பெனி சைட்டுன்னா நியோஷ் சேஃப்டி பாஸ்போர்ட்டும் கேப்பாங்க. கேட்டுல வெச்சுத் திருப்பி அனுப்பிட்டா அன்னிக்கு மெஷின் வாடகை கோவிந்தா.

ஆறாவது: மண்ணு, தண்ணி சேம்பிள்

மண்ணு மேல வந்ததும் அரை மீட்டருக்கு ஒண்ணா பிடிச்சு ஜிப் பையில பாதி போட்டு மூடி, கட்டியை ஒடைச்சு, சில நிமிஷம் நிழல்ல வெச்சு, பையோட ஓரத்துல பிஐடி (ஆவியை அளக்கற கைமீட்டர்) மூக்கை நுழைச்சு அதிகபட்ச நம்பரை எழுதுங்க. எல்லாப் பையும் ஒரே அளவு நேரம் ஒக்காரணும், இல்லாட்டி ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட முடியாது. மழை நேரத்து ஈரத்துல பிஐடி ஒளறும், அதை கான்சன்ட்ரேஷன்னு ரிப்போர்ட்ல போடாதீங்க, எந்த மண்ணை லேபுக்கு அனுப்பறதுன்னு தேர்ந்தெடுக்க மட்டும்தான். லேபுக்கு அனுப்ப வேண்டிய மண்ணை அந்தப் பையில இருந்து எடுக்கவே கூடாது, குலுக்கினதுல ஆவி போயிருக்கும், அதே ஆழத்து மண்ணை மொதல்லயே கண்ணாடி ஜார்ல அடைச்சு ஐஸ்ல வெச்சிருக்கணும். ஒரு துளைக்கு பிஐடி அதிகமா காட்டினது ஒண்ணு, தண்ணி மட்டத்துக்கு ஒட்டி மேல ஒண்ணு, சுத்தமாயிருச்சுன்னு நெனைக்கற ஆழத்துல ஒண்ணு. கடைசி ஒண்ணை விட்டுட்டா எவ்ளோ ஆழம் வரைக்கும் அழுக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது.

கிணறு 50 மில்லிமீட்டர் பிவிசி, திருகற டைப், பசை ஒட்டவே கூடாது, பசையில இருக்கற சால்வெண்ட் லேப்ல தெரியும். ஓட்டை போட்ட ஸ்கிரீன் பகுதி தண்ணி மட்டத்துக்கு மேலயும் கீழயும் இருக்கணும், முழுக்கத் தண்ணிக்குள்ள முங்கிட்டா மெதக்கற எண்ணெய் உள்ள வரவே வராது. ஸ்கிரீனைச் சுத்தி மணல், மேல பென்டோனைட் (தண்ணி பட்டா ஊதற களிமண்ணு), அதுக்கு மேல சிமெண்ட், கார் ஏறினா தாங்கற மூடி. கிணத்தை இறைச்சுக் கழுவி ஒரு வாரம் விட்டுட்டு வந்து சேம்பிள் எடுங்க. மொதல்ல இன்டர்ஃபேஸ் புரோப் விட்டு எண்ணெய் இருக்கான்னு பாருங்க, கிணத்துல 30 சென்டிமீட்டர் எண்ணெய் நிக்குதுன்னா மண்ணுக்குள்ளயும் அவ்ளோ தடிமன்னு அர்த்தமில்ல, பெரும்பாலும் அதைவிடக் கம்மியாத்தான் இருக்கும். பெயிலரை (கயித்துல கட்டி எறக்கற குழாய்) தொபுக்குன்னு போட்டுக் கலக்காம லோ ஃப்ளோ பம்ப்ல நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல போகாம எடுங்க, பிஎச், கண்டக்டிவிட்டி, ஆக்ஸிஜன் நிலையா நின்னப்பறம்தான் பாட்டில்.

பிடெக்ஸுக்கு 40 மில்லி கண்ணாடி வயல், உள்ள லேப் ஆசிட் போட்டுக் குடுத்திருப்பாங்க, அதைக் கழுவிடாதீங்க. வாய் மேல தண்ணி குமிழா நிக்கற வரைக்கும் மெதுவா ஊத்தி, மூடி, தலைகீழா கவுத்து வெரலால தட்டிப் பாருங்க. ஒரு காத்துக் குமிழ் ஏறினாலும் அந்த வயல் வேணாம், புதுசு எடுங்க. ஐஸ் பெட்டியில 4 டிகிரி, ஆசிட் போட்ட வயல் 14 நாளைக்குள்ள லேப்ல ஓடியாகணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சேம்பிள் எடுத்து முடிக்கற மாதிரி பிளான் போடாதீங்க, லேப் மூடியிருக்கும், வாரக்கடைசி பூரா ஐஸ் மாத்திக்கிட்டு ஒக்காந்திருப்பீங்க.

லேபுக்கு முன்கூட்டியே போன் அடிங்க

சாம் அக்ரடிடேஷன் (மலேசிய லேப் அங்கீகாரம்) இருக்கற லேபா, அதுலயும் நீங்க கேக்கற டெஸ்ட்டுக்கே இருக்கான்னு பாருங்க. ரிப்போர்ட்டிங் லிமிட் உங்க ஸ்கிரீனிங் அளவைவிடக் கீழ இருக்கணும், இல்லாட்டி 'கண்டுபிடிக்கப்படல'ங்கற வார்த்தைக்கு மதிப்பே இல்ல. டிஓஇ லெவல்ல குடியிருப்புக்கு வேற, இண்டஸ்ட்ரிக்கு வேற, எதைப் பாவிக்கறீங்கன்னு பிளான்லயே எழுதுங்க. டிபிஎச்சுக்கு இங்க பலபேரு டச்சு இன்டர்வென்ஷன் வேல்யூவைத் தொடுவாங்க, மண்ணுக்கு கிலோவுக்கு 5000 மில்லிகிராம், தண்ணிக்கு லிட்டருக்கு 600 மைக்ரோகிராம். அந்த மண்ணு நம்பர் 25 சதவீதம் களியும் 10 சதவீதம் ஆர்கானிக்கும் இருக்கற மண்ணுக்குப் போட்டது, ஈயக்குட்டை மணலுக்கு அப்படியே வெச்சா மண்ணு உண்மையில இருக்கறதைவிட நல்லா இருக்கறமாதிரி தெரியும்.

இருபது சேம்பிளுக்கு ஒரு டூப்ளிகேட்டாவது, ஒவ்வொரு ஐஸ் பெட்டிக்கும் ஒரு டிரிப் பிளாங்க் (சைட்டுக்குப் போய்த் திரும்பற சுத்தத் தண்ணி பாட்டில்), சாமான் கழுவின தண்ணியில ஒரு ரின்சேட். கிளையன்ட் செலவைக் கொறைக்கச் சொன்னா மொதல்ல கை வைக்கறது இதுலதான், விட்டுக் குடுக்காதீங்க, வேணும்னா ஒரு துளையைக் கொறைச்சுக்கலாம்.

மிச்ச மண்ணும் பட்ஜெட்டும்

தோண்டின மண்ணையும் இறைச்ச தண்ணியையும் லோங்காங்ல ஊத்த முடியாது. டிரம்ல அடைச்சு லேபிள் ஒட்டி ரிசல்ட் வர்ற வரைக்கும் வைங்க. எண்ணெய் சிந்தின எடத்தைச் சுத்தம் பண்றப்ப வர்ற மண்ணுக்கு 2005 ஷெட்யூல்ட் வேஸ்ட் ரெகுலேஷன்ல எஸ்டபிள்யூ 408ன்னு கோடு, அதுல சேரும்னா ஈஸ்விஸ்ல (டிஓஇயோட ஆன்லைன் கழிவுப் பதிவு) பதிஞ்சு லைசன்ஸ் உள்ளவங்ககிட்டதான் குடுக்கணும், 180 நாளைக்கு மேலயோ 20 டன்னுக்கு மேலயோ சைட்டுல வெச்சிருக்கக்கூடாது. டிரம் வைக்க எடம் இருக்கா, வேஸ்ட் ஜெனரேட்டர்னு யாரு பேர்ல பதியறது, நீங்களா கிளையன்டா, இதை பிரபோசல்லயே எழுதுங்க. பேசாம விட்டா டிரம் அங்கேயே துருப்பிடிச்சுக்கிட்டு நிக்கும், போன் உங்களுக்குத்தான் வரும்.

விலை போடறப்ப 'கன்டிஞ்சன்சி துளை ரெண்டு, தேவைப்பட்டா மட்டும்'னு ஒரு வரி சேருங்க. எல்லையோரத் துளையில பிஐடி எகிறிச்சுன்னா அன்னிக்கே மெஷின் சைட்டுல இருக்கறப்பவே அடுத்த புள்ளிக்கு நகரலாம், ரெண்டாவது தடவை மெஷினைக் கூப்பிடற காசு மிச்சம். எந்த அளவுக்கு மேல போனா நகரணும், யாரு போன்ல ஓகே சொல்லணும், அவர் போனை எடுக்கலன்னா அடுத்தது யாருன்னு பேரோட எழுதிக்குங்க. மழை நாள் ரெண்டாவது சேத்துக்குங்க, ஏப்ரல் மே, அக்டோபர் நவம்பர்ல கே.எல்.ல மத்தியானம் மூணு மணிக்கு மேல வானம் இருட்டிரும், மின்னல்ல ராடைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு யாரும் நிக்கமாட்டாங்க, அதனால டிரில்லிங்கைக் காலை ஏழரைக்கே ஆரம்பிக்கற மாதிரி பெர்மிட் வாங்கிடுங்க.